ஜெயவேல் போட்டுக்கு இரண்டு முறை போன ஐஸ்

காசிமேடு,
ஆகஸ்ட் 2009.

அன்பு மருமகன் நிதிஷுக்கு, மாமா பொன்னுரங்கம் எழுதுவது. நானும் உன் அத்தை பச்சையம்மாவும் சுகம். பெங்களூரில் உன் உடம்புக்கும் உத்தியோகத்துக்கும் குறை வராமல் அங்காளம்மன் பார்த்துக்கொள்வாள். போனில் பேசினால் நீ நடுவில் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய். அதனால் கடிதம்.

நம் ஐஸ் ஏஜென்சிக்கு நீ செல்போனில் எழுதிக் கொடுத்த புரோகிராமில் இரண்டு திரை. ஒன்றில் போட்டுகளின் பட்டியல், மற்றதில் ஐஸ் ஆர்டர். திங்கட்கிழமை ஜெயவேல் போட்டுக்கு நாற்பது பார் ஐஸ் என்று அத்தை பதிந்துவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பினாள். "டேட்டாபேஸ் மூடியுள்ளது" என்றது. ஆர்டர் ஏறவில்லை என்று நினைத்து, செல்லை அணைத்துப் போட்டு மறுபடி பதிந்தாள். இரண்டுமே ஏறியிருக்கிறது. பேக்டரிக்காரன் இரண்டு வண்டி அனுப்பிவிட்டான்.

கேட்டதற்கு நீ, "மாமா, டேட்டாபேஸுக்குப் போக ரெண்டு திரைக்கும் ஒரே கனெக்‌ஷன். ஐஸ் திரை போகும்போது அதை மூடிட்டுப் போயிடுது" என்றாய். தன் குடம் ரொம்பினதும் அடிபம்பு கைப்பிடியைக் கழட்டிகினு வூட்டுக்குப் போறவளை நம்ம தெருவுல இன்னா திட்டு திட்டுவாங்கன்னு உனக்கே தெரியும். பொதுவுல இருக்கறத எவளும் கழட்டக் கூடாது. புரோகிராமே மூடுறப்பதான் கனெக்‌ஷனை மூடணும்னு நீயே சொல்ற, அப்புறம் ஏம்பா அப்படி எழுதல?

ஜெயவேல் கரையில நின்னுகினு, "இன்னா நைனா, நான் மீன் புடிக்கப் போறனா, கடல்ல ஐஸ் விக்கப் போறனா?"ன்னு கத்தினான். அத்தை, "ஏத்திகினு போடா, உருகினா கடலு கோச்சிக்கவா போவுது"ன்னா. ஏத்திகினான். ஆனா, "திரும்பி வந்தா பக்கத்து ஏஜென்சி ஹுமாயூன் பாய்கிட்டதான் ஐஸ்"னு சொல்லிட்டுப் போயிட்டான். அவன் போனா அவன் பங்காளிங்க போட்டெல்லாம் பின்னாலயே போகும். ஏஜென்சியை இழுத்து மூடவேண்டியதுதான்.

ஆகவே அவன் கரை சேர்வதற்குள் புரோகிராமைத் திருத்தி அனுப்பவும். அதைக் காட்டித்தான் அவனைச் சமாதானம் செய்ய வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. உன் அறை நண்பர்களுக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
மாமா.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஜெயவேல் வந்துவிட்டான். ஐஸ் மிச்சமிருந்ததால், மற்ற போட்டுகள் திரும்பிய பிறகும் கடலில் தங்கி வஞ்சிரமாய் அள்ளி வந்திருக்கிறான். எண்பது பார் என்று ஒரே தடவையில் போடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளவில்லை. டேட்டாபேஸ் மூடி, அத்தை மறுபடி அழுத்தினதுதான் ராசியாம். பங்காளிகளும் அதே மாதிரி வேண்டுமென்று வாசலில் நிற்கிறார்கள். புரோகிராமில் கை வைக்காதே.