தேடினால் கோயிலாக வருகிறது, கடையாக வரவில்லை

வடக்குவாசெல்வி அம்மன் துணை

தி.நகர்,
ஆடிச் செவ்வாய்.

பாலவாக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளை செந்தில்குமார் அவர்களுக்கு மாமா சுயம்புலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் என் மகள் அனுப்ரியாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே உங்கள் அத்தை பங்கஜம் சௌக்கியம். எனக்குத் தூக்கம் போய்விட்டது. போனில் பேசினால் குரல் உயர்ந்துவிடும், மாப்பிள்ளையிடம் குரல் உயர்த்துவது நம் வீட்டில் வழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம் ஜவுளிக்கடைக்கு வெப்சைட் செய்தபோது, ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ளே ஒரு தலைப்பும் சின்னக் குறிப்பும் எழுத வேண்டும், தேடுகிறவர்களுக்கு அதுதான் முதலில் தெரியும், அதைப் பார்த்துத்தான் இது என்ன பக்கம் என்று கூகுளே முடிவு கட்டும், என்ன எழுதட்டும் மாமா என்று கேட்டீர்கள். அம்மன் பேரைப் போடுங்கள் என்றேன். முதல் பக்கத்துக்கு மட்டும்தான் சொன்னேன் மாப்பிள்ளை. நீங்கள் மரியாதைக்காரர், பட்டு, வேட்டி, பாவாடை என்று ஒரு பக்கம் விடாமல் 'வடக்குவாசெல்வி அம்மன் துணை' என்றும், கீழே 'ஆடிச் சிறப்பு, அனைவரும் வருக' என்றும் எழுதிவிட்டீர்கள். புடவை என்ற வார்த்தையே எங்கும் இல்லை. பட்டுப்புடவை என்று தேடினால் ஊரில் உள்ள கடையெல்லாம் வருகிறது, நாம் இல்லை. அம்மன் கோயில் என்று தேடினால் முன்னால் வந்து நிற்கிறோம்.

நேற்று சைதாப்பேட்டையிலிருந்து ரத்னா என்ற அம்மாள் குடும்பத்தோடு வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தூக்குச்சட்டியை நீட்டினார். "கூழு எப்ப ஊத்துவீங்க நைனா?" இது துணிக்கடை அம்மா என்றேன். "சும்மா சொல்லாத நைனா. போன்ல எல்லாரும் வாங்கன்னு போட்டுகீது." அதற்குள் அவர் வீட்டுக்காரர், சிவப்புப் பட்டு கட்டி நிற்கும் பொம்மைக்கு முன்னால் கற்பூரம் ஏற்றப் போனார். ஜவுளிக்கடைக்குள் நெருப்பு, மாப்பிள்ளை. பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன்.

நம் சந்துக்குள் யாரும் தானாக வருவதில்லை, போனைப் பார்த்துத்தான் வருவார்கள். ஆவணி முகூர்த்தத்தை நம்பி மாடி நிறையச் சரக்கு எடுத்துவிட்டேன். அது நகரவில்லை என்றால் மாடியைப் பூட்டி, அங்கே வேலைக்கு நிற்கும் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அதை எந்த வாயால் சொல்வேன்? பயமாக இருக்கிறது. உடனே தலைப்பையெல்லாம் மாற்றுங்கள். அத்தை மட்டும், "ஆடி மாசம் அம்மன் பேர அழிச்சுட்டு என்ன யாவாரம் வேண்டிக் கிடக்கு உங்களுக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் இருவருக்கும் அம்மன் எல்லாக் குறையும் தீர்த்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா சுயம்புலிங்கம்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அத்தை என்னைக் கேட்காமல் கடை வாசலில் கூழ் காய்ச்சி ஊற்றிவிட்டாள். குடித்தவர்கள் வெயிலுக்கு மாடியில் ஒதுங்கினார்கள், ஒதுங்கியவர்கள் புடவையைப் பிரித்துப் பார்த்தார்கள். அப்புறம் பில் போட ஆள் பற்றவில்லை. ரத்னா அம்மாள் மகள் கல்யாணத்துக்கு மொத்தத் துணியும் எடுத்துவிட்டார். தலைப்பில் கை வைக்காதீர்கள். கீழே குறிப்பில் மட்டும் 'கூழ் காலை பதினொரு மணிக்கு' என்று சேர்த்துவிட்டு, வரும்போது உங்கள் வீட்டு அண்டாவை எடுத்து வாருங்கள்.