றவூப் நானாவின் மண்ணெண்ணெய்த் தாங்கி

"நானா, உங்கட தாங்கி ஒழுகுது! ஒரு வருசமா எங்கட தண்ணியிலை மண்ணெண்ணெய் மணக்குது!"

பக்கத்து வளவுப் பத்மாசனியக்கா வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னதும் றவூப் வேலியடிக்கு ஓடி வந்தார். தொண்ணூறில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் கிடந்துவிட்டு, சமாதானம் வந்தபிறகு தண்ணீரூற்றுக்குத் திரும்பிய மனுசன். பழைய எண்ணெய்க் கடையைத் திறக்கவேணும். தாங்கி ஒழுகினால் அனுமதி கிடையாது. அக்காவோ பிரதேச சபைக் கந்தோரில் முறைப்பாடும் கொடுத்துவிட்டா.

"மண்ணுக்கை விட்டிட்டுப் போன வெறுந்தாங்கி, அக்கா. அதிலை என்ன ஒழுகும்?"

"அடியிலை மிச்சம் கிடந்திருக்கும். நான் என்ன பொய்யே சொல்லுறன்?"

றவூப் வவுனியாவிலிருந்து செந்தூரனைக் கூப்பிட்டார். தோண்டாமலே நிலத்துக்கடியில் உள்ள இரும்பையும் எண்ணெய் ஊறின மண்ணையும் காட்டும் கருவிகள் அவனிடம் இருந்தன. அவன் நீளத் தடியொன்றைப் பிடித்தபடி மெல்ல மெல்ல நடந்தான். நடந்த இடமெல்லாம் சிவப்புக் கொடி நட்டான். வன்னியில் இதைவிட வேறு வினை வேணுமா?

"ஐயோ, மிதிவெடி!"

ஆரோ கத்தின கத்தில் ஒழுங்கையில் ஒரு குஞ்சு குருமன் இல்லை.

"மிதிவெடி இல்லை! மண்ணுக்கை தாட்ட இரும்பைத்தான் தேடுறம்!" என்று றவூப் தொண்டை கிழியக் கத்தினார். பாவம், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சண்டைக்குப் பயந்து ஓடேக்கை எதையாவது தாட்டுவிட்டுப் போகாத வீடு அங்கே ஏது? ஓடின சனம் மண்வெட்டியோடு திரும்பி வந்தது.

"தம்பி, என்ரை தையல் மெஷினை ஒருக்காப் பாரப்பா!" என்று முன்வீட்டு இராசமலர் செந்தூரனின் கையைப் பிடித்து இழுத்தா.

தையல் மெஷின் வந்தது. ஆரோவின்ரை சைக்கிளும் வந்தது. நானாவின் தாங்கி மட்டும் வரவில்லை.

"நானா, உங்கட வளவிலை தாங்கியே இல்லை. எண்ணெய் ஊறின மண்ணும் இல்லை" என்றான் களைத்துப்போன செந்தூரன்.

"உன்ரை மெஷின் பழுது!" பத்மாசனியக்கா சீறினா. "தாங்கி இல்லாமல் தண்ணி என்னெண்டு மணக்கும்? ஒளிக்கிறியள்! நாளைக்கே கந்தோருக்குப் போறன்."

றவூப் தானே மண்வெட்டியை வாங்கித் தாங்கி இருந்த இடத்தைக் கிண்டினார். இடுப்பளவு குழியும் வேர்வையும்தான் மிச்சம். "தாங்கியும் போச்சு, கடையும் போச்சு, அல்லாஹ்!" என்று அந்தக் குழிக்குள்ளேயே குந்திவிட்டார். பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

அந்நேரம் ஒழுங்கையால் வந்த ட்ரக்டர்காரச் செல்வராசா இறங்கிக் குழியை எட்டிப் பார்த்தான்.

"என்ன பத்மாசனியக்கா, நானாவின்ரை தாங்கியையே மண்ணுக்கை தேடுறியள்? போன வருசம் உங்கட மனுசன் சொல்ல, நான்தானே கிண்டியெடுத்து உங்கட குசினிக்குப் பின்னாலை தண்ணித் தாங்கியாய் ஏத்திவிட்டனான்!"