தம்பிலி ஞானஸ்நானம்

மோட்சத்தின் கதவைத் தட்டித் தட்டி அதன் பிணைச்சலையே கழற்றிய மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் சந்தியில் தம்பிலி என்கிற செவ்விளநீர் விற்கும் தம்பிலிப் பாதர்தான். பாதர் என்றதும் அங்கியையும் சிலுவையையும் தேடாதீர்கள். மடித்துக் கட்டிய சாரம், கையில் கத்தி, அடுத்த ஊருக்கும் கேட்கும் தொண்டை, அவ்வளவுதான்.

ஆள் பிறப்பால் உடப்பு ஊர்ச் சைவம். கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டும்போது ஞானஸ்நானம் எடுத்தவர். கடைசிக் காலத்தில் அவரோடு வந்து தங்கிய அப்பா, நெற்றி நிறையத் திருநீறோடு பேரப்பிள்ளைகளின் செபமாலையைக் கேட்டுக்கொண்டு கிடந்தவர், ஒருநாள் சொன்னாராம்:

"டேய், நீ போற மோட்சத்துக்குத்தான் நானும் வருவன். வேற இடத்தில தனியக் கிடக்க என்னால ஏலாது. எனக்கும் தண்ணி ஊத்தச் சொல்லு."

"ஞாயிற்றுக்கிழமை சுவாமியிட்டக் கதைப்பம்" என்றார் மகன். யமனுக்கு ஞாயிறு வரை பொறுமையில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன சின்ன லொறி, கடலை ஒட்டிய களப்பின் ஓரத்து மணலில் புதைந்துவிட்டது. கிழவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது நம்மாளுக்குத் தெரியும். போத்தலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லொறி நிறையத் தம்பிலி! நல்லதாக ஒன்றைச் சீவி, "பிதா, சுதன், பரிசுத்த ஆவி" சொல்லி, தலையில் முழுவதையும் ஊற்றிவிட்டார். வழிந்ததைக் கிழவர் நாக்கால் தொட்டார்.

"நல்ல இனிப்புடா" என்றார். உயிர் போய்விட்டது.

உறவினர்கள் வந்து தங்கள் முறைப்படி எரித்தார்கள். இவரோ, அப்பா கத்தோலிக்கராகத்தான் போனார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். தேவாலய வேலைகளைப் பார்க்கும் சங்கிலித்தாம்தான் குண்டைப் போட்டார்.

"இளநீரில குடுத்தா செல்லாது, அண்ணன். தண்ணிதான் வேணும். பக்கத்தில களப்பு கிடந்ததே, அதில அள்ளியிருக்கலாமே!"

"பெத்த தகப்பன்ட தலையில உப்புத்தண்ணியா ஊத்துறது?"

அன்றைக்குப் போனது அவர் நித்திரை. பங்குக்கு மாறி வந்த குருவானவர் ஒருவரையும் நம்மாள் விடவில்லை. சாமான் இறக்கும் முன்பே தம்பிலியோடு போய் நிற்பார். "சுவாமி, இதுக்குள்ள இருக்கிறது தண்ணி இல்லையெண்டா வேற என்ன?" ஒருவர் குடித்துவிட்டு யோசிப்பதாகச் சொன்னார், இடமாற்றம் வரும்வரை யோசித்துக்கொண்டே இருந்தார். சங்கிலித்தாம் வெயிலில் வந்து இளநீர் கேட்டால், "உங்களுக்கு இது தண்ணி இல்லத்தானே, தாகம் எப்பிடித் தீரும்?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

என் அம்மா முன்னேஸ்வரத்துக்காரி, அசல் சைவம். ஒருநாளும் தவறாமல் அவரிடம் இளநீர் குடித்து, குறைகண்டு, சண்டைபிடித்து வருவார். அம்மாதான் ஒருமுறை, "உன்ர அப்பன் இனிப்பெண்டு சொல்லிப் போன மனிசன். பிறகேன் அழுறாய்?" என்று அதட்டினார். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போன இடம் தெரியாதே, அக்கா" என்றார். அம்மாவே அன்றைக்குக் குறை சொல்லாமல் குடித்தார்.

பிறகு ஒரு மரித்தோர் தினம். சேமக்காலையில் எல்லோரும் தங்கள் ஆட்களின் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தி நிற்க, புதுக் குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். கடைசி வரிசையில் மண்மேல் ஒரு தம்பிலி. அதன் தலையில் மெழுகுதிரி.

"இது ஆர்?"

"எங்கட அப்பா, சுவாமி."

சிரித்தவர்களைக் கையமர்த்திவிட்டு, குருவானவர் முழுக்கதையையும் கேட்டார். "அவராகவே கேட்டவரா?"

"ஓம் சுவாமி. தனிய விடாத எண்டு கேட்டவர்."

"நீங்க ஊத்தினது பிழைச்சிருக்கலாம். அவர்ட ஆசை பிழைக்கேல்ல. கடவுள்ட இரக்கத்துக்கு நாங்க வேலி போட ஏலாது. நம்பி மன்றாடுவம்." தம்பிலிமேல் தீர்த்தம் விழுந்தது.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கோ சுவாமி, நல்லா நனையட்டும்" என்றார் நம்மாள், அழுதுகொண்டே.

இந்த வருடம் அம்மா போய்விட்டார். மரித்தோர் தினத்தில் வரச்சொல்லித் தம்பிலிப் பாதர் ஆள் அனுப்பியிருந்தார். போனேன். அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில், பார்த்துப் பொறுக்கிய இன்னொரு தம்பிலி, தலையில் மெழுகுதிரியோடு.

"உங்கட அம்மா ஒருநாளும் மோட்சம் கேக்கேல்லத்தான், தம்பி" என்றார். "அதால அவவுக்காக நான் கேட்டன்."

கடற்காற்று பலமாக அடித்தது. அந்தத் திரி அணையாமல் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு நின்றேன்.