பெண் பார்க்கப் போக கம்ப்யூட்டர் விடவில்லை

அன்று சாயங்காலம் ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்:

நான். பெயர் நடராஜ். கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன டீ ஃபேக்டரியில் பச்சை இலை நிறுக்கிற வேலை. படிப்பு எட்டாவது.

தேயிலை காய வைக்கிற டிரையரின் மேஸ்திரி ஜோசப் அண்ணன். டிரையர் ஓடாத நாட்களில் அபிப்பிராயம் சொல்வார். (அந்த வருடம் டிரையர் அதிகம் ஓடவில்லை.)

என் அம்மா. கையில் பூவும் பழமும் வைத்த தட்டு.

பக்கத்து ஊரான கட்டபெட்டிலிருந்து ஒருவர். கொஞ்சம் தேயிலை வைத்திருப்பவர். கோபமாக இருந்தார்.

அவருடைய மகள். பன்னிரண்டாவது முடித்தவள்.

கம்ப்யூட்டர்.

முதலாளி இல்லை. குன்னூருக்கு டீ ஏலத்துக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பேசாமல் இருப்பவனை நாலு பேர் விவரமானவன் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கும் என்னைப் பற்றி அந்த நினைப்பு இருந்தது. அன்றோடு போயிற்று.

டீ விலை விழுந்து கிடந்த சமயம். இலை என்ன விலை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் இரண்டு பேருக்கும் சங்கடம். பாதிப் பேர் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார்கள். எங்கள் கிளார்க்கும் போய்விட்டார். மிச்சம் இருந்தவர்களில் இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவன் நான். (எழுத்துதான் தெரியும். சேர்த்துப் படிப்பது வேறு விஷயம்.)

அந்த நேரம் பார்த்து முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். சின்ன விவசாயிகளுக்கு அரசாங்கம் ஏதோ உதவி தரப்போகிறது, யார் எவ்வளவு இலை கொடுத்தார்கள் என்ற கணக்கு கம்ப்யூட்டரில் இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. கோயமுத்தூரிலிருந்து பிரபு என்று ஒரு தம்பி வந்து எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார். காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் வேண்டாம், ஓசியிலேயே இருக்கிறது என்றார். முதலாளிக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

வேலை இதுதான். எடை மேடைக் கணக்கு ஃப்ளாப்பியில் ஒரு ஃபைலாக வரும். அதைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் வைக்க வேண்டும். பிறகு ஒரு வரி டைப் அடித்தால், டேட்டாபேஸ் என்று ஒன்று அந்த ஃபைலைப் படித்துத் தனக்குள் ஏற்றிக்கொள்ளும். பிரபு கூட இருந்தவரை ஒழுங்காக ஏறியது.

கம்ப்யூட்டர் வந்த அன்று முதலாளி எங்களை எல்லாம் நிற்க வைத்துப் பேசினார். "இனிமேல் இலை, லீவு, சம்பளம், எல்லாமே கம்ப்யூட்டர்லதான். துண்டுச் சீட்டெல்லாம் கிடையாது." மற்றவர்கள் அன்றே மறந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. அதுதான் வினையாகிப் போனது.

சம்பவத்தன்று காலை முதலாளி ஜீப்பில் ஏறும்போது போய் நின்றேன்.

"நாலு மணிக்கு மேல ரெண்டு மணி நேரம் பெர்மிஷன் வேணுமுங்க. கட்டபெட்டுல பொண்ணு பாக்கப் போறோமுங்க."

எங்கள் பக்கம் பெர்மிஷன் என்றால் ஒன்றுதான். முழு லீவும் இல்லை, அரை நாள் லீவும் இல்லை. நடுவில் ஒரு மணி, இரண்டு மணி வெளியே போய் வருவது. அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமும் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"இலைக் கணக்கை ஏத்திருடா. பாக்கலாம்" என்றார். ஜீப் போய்விட்டது.

பாக்கலாம் என்றால் சரி என்று அர்த்தம் என்றார் ஜோசப் அண்ணன். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மூன்றரைக்கு உட்கார்ந்தேன். அன்றுதான் முதல் முறை தனியாக ஏற்றுகிறேன். ஃபைலை வைக்க இரண்டு ஃபோல்டர் தெரிந்தது. ஒன்று பொதுவானது. இன்னொன்றில் என் பெயரே போட்டிருந்தது. பெயர் போட்டு ஒரு இடம் இருக்கும்போது ஏன் பொதுவில் வைக்க வேண்டும் என்று அதிலேயே வைத்தேன். பிரபு எழுதிக் கொடுத்த வரியை ஒற்றை விரலில் அடித்து முடித்து, என்டரைத் தட்டினேன்.

திரையில் நீளமாக ஒரு வரி வந்தது. அதில் எனக்குப் புரிந்தது இரண்டு இடம். நடுவில் நடராஜ் என்று இருந்தது. கடைசியில் பெர்மிஷன் டினைடு என்று இருந்தது.

டினைடு என்ற வார்த்தையை மட்டும் எனக்கு எழுத்துக்கூட்டாமல் படிக்க வரும். துண்டுச் சீட்டுக் காலத்தில் முதலாளி என் சீட்டுகளில் பச்சை மையில் அதைத்தான் எழுதுவார்.

ஜோசப் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"குன்னூர்ல இருந்துக்கிட்டா இதைப் போட்டாரு?" என்றார்.

"தெரியலண்ணா."

"போன் ஒயர் வழியா வந்திருக்கும். இன்னொரு தடவை கேட்டுப் பாரு."

இன்னொரு தடவை அடித்தேன். அதே பதில்.

"மூணாவது தடவை கேட்டா மரியாதை இல்லண்ணா" என்றேன்.

அவரும் ஒத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. பெயரைப் போட்டு, காரணம் சொல்லாமல், தெளிவாக மறுத்திருந்தார். முதலாளி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். பெண் வீட்டில் போன் இல்லை. அதனால் யாருக்கும் சொல்லவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா நாலு மணிக்கே கட்டபெட்டு போய்ச் சேர்ந்திருந்தார். மாப்பிள்ளை ஃபேக்டரியிலிருந்து நேராக வந்துவிடுவான் என்று சொல்லியிருக்கிறார். அங்கே பஜ்ஜி போட்டு, அது ஆறி, மறுபடி சுட வைத்து, மறுபடி ஆறியிருக்கிறது. நல்ல நேரம் ஆறு மணியோடு சரி. அதற்குள் பையன் பெண்ணைப் பார்த்தாக வேண்டும். ஐந்து மணிக்குப் பொறுமை போய், பெண்ணின் அப்பா எல்லோரையும் ஒரு வாடகை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, பொண்ணு பாக்க வரச்சொன்னா வரமாட்டீங்களா? நேரம் போகுதுன்னு பொண்ணையே கூட்டிட்டு வந்துட்டனுங்க."

"பெர்மிஷன் கிடைக்கலீங்க."

"யாரு சொன்னா?"

கம்ப்யூட்டரைக் காட்டினேன்.

அம்மா தட்டை மேசையில் வைத்தார். "பெத்தவ சொல்லி ஒரு தடவையாச்சும் இப்படி உக்காந்திருக்கியாடா?"

பெண்ணின் அப்பா குனிந்து திரையைப் பார்த்தார். திட்டத்தான் வந்தார். ஆனால் அவரும் எங்கள் ஃபேக்டரிக்கு இலை கொடுக்கிறவர்.

"அது கெடக்கட்டும். என்ற இலைக் கணக்கு இதுல ஏறிருச்சுங்களா?"

"இல்லீங்க."

"ஏனுங்க?"

"எனக்குப் பெர்மிஷன் இல்லீன்னு சொல்லிச்சுங்க. அதோட நின்னுக்கிச்சுங்க."

"உங்களுக்கு இல்லீன்னா சரி. என்ற இலை என்னங்க பண்ணுச்சு?"

இவ்வளவு நேரம் அதே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

அப்போதுதான் பெண் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "இதைப் போட்டவங்களுக்குப் போன் பண்ணிக் கேக்கலாமுங்களே அப்பா."

கோயமுத்தூருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, முதலாளி எனக்குப் பெர்மிஷன் தரலீங்க."

"அதுக்கு எனக்கு எதுக்குண்ணா போன் பண்றீங்க?" என்றார் பிரபு.

"கம்ப்யூட்டர்லதானுங்க வந்துச்சு."

முழு வரியையும் படிக்கச் சொன்னார். எழுத்து எழுத்தாகப் படித்தேன். பாதியிலேயே அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். பக்கத்திலிருந்த இன்னொருவரைக் கூப்பிட்டு, என்னை முதலிலிருந்து மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

பிறகு விளக்கினார். "அண்ணா, மறுத்தது உங்களுக்கு இல்லை, டேட்டாபேஸுக்கு. வரியை அடிக்கிறது நீங்க. ஃபைலைப் படிக்கிறது டேட்டாபேஸ். அது வேற ஆள் மாதிரி. உங்க பேர் போட்ட ஃபோல்டர் உங்க ஊடு மாதிரி. நீங்க இலையைக் கொண்டுபோய் அந்த ஊட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டீங்க. அது வந்து வாசல்ல நிக்குது. உள்ள வர அதுக்குப் பெர்மிஷன் இல்ல."

இதை அப்படியே அறையில் சொன்னேன். ஜோசப் அண்ணன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அப்ப டினைடுன்னு சொன்னது முதலாளி இல்லையா?" என்றார் அம்மா.

"இல்லம்மா."

"பஜ்ஜி ரெண்டு தடவை ஆறிப்போச்சுடா."

பூட்டைத் திறக்க ஒரு வரி அடிக்க வேண்டும் என்றார் பிரபு. போன் ஒயர் கீபோர்டு வரை எட்டாது. ஒருவர் போனில் கேட்டுச் சொல்ல, ஒருவர் அடிக்க வேண்டும். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஜோசப் அண்ணனுக்கு டிரையர் சத்தத்தில் காது பாதி போயிருந்தது. பெண்ணின் அப்பா இன்னும் கோபத்தில் இருந்தார். மீதி இருந்தது அவள்தான். ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

பெண் பார்த்த அன்று நாங்கள் பேசிக்கொண்டது இதுதான்.

"சி."

"ம்."

"ஹெச். எம். ஓ. டி."

"அடிச்சாச்சுங்க."

"ஒரு எடம் விடோணுமாமுங்க."

"விட்டனுங்க."

"ஆறு. நாலு. நாலு."

"ஆறு, நாலு, நாலு."

"ரெண்டு பேரும் நல்லாப் பேசிக்கிறாங்க" என்றார் அம்மா, பெண்ணின் அப்பாவிடம்.

ஃபைல் பெயரையும் சொல்லி முடித்தாள். ஏற்றுகிற வரியை அடித்தேன். பெர்மிஷன் டினைடு.

"அதுக்கு இன்னுமா கோவம் போகல?" என்றார் பெண்ணின் அப்பா.

பிரபு போனில் சொன்னதை அவள் எடுத்துச் சொன்னாள். "ரூம் கதவு தொறந்தாச்சாமுங்க. வெளிக் கேட்டு இன்னும் பூட்டியிருக்குதாம். ஃபைலுக்கு மட்டும் குடுத்தாப் பத்தாதாம், அது இருக்கற ஃபோல்டருக்கும் குடுக்கோணுமாம்."

மறுபடி சி, ஹெச், எம், ஓ, டி. இந்தத் தடவை ஏழு, ஐந்து, ஐந்து. பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல நேரத்துக்கா, இலைக்கா என்று தெரியவில்லை. அடித்து முடித்து, ஏற்றுகிற வரியை மறுபடி போட்டு, என்டரைத் தட்டினேன்.

திட்டு எதுவும் வரவில்லை. எத்தனை வரி ஏறியது என்று மட்டும் காட்டியது. பெண்ணின் அப்பா தன் பெயரைத் தேடச் சொன்னார். இருந்தது. விரலைத் திரையில் வைத்து எடையைப் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஆறுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

"மெஷின் ஒரு வார்த்தை சொன்னதுக்கு இத்தனை நேரம் எந்திரிக்காம உக்காந்திருக்கறாருங்க உங்க பையன்" என்றார் அம்மாவிடம். "என்ற பொண்ணு சொன்னா காலம் பூராம் உக்காந்திருப்பாரு. எனக்குச் சம்மதமுங்க."

அம்மா அவளைப் பார்த்து, "உனக்குக் கண்ணு?" என்றார்.

ரிசீவரை வைத்துவிட்டு, "பெர்மிஷன் உண்டுன்னு சொல்லிருங்க அத்தை" என்றாள். சிரிக்கவில்லை. அதனால் அது கிண்டல் என்று எனக்குக் கல்யாணம் முடிந்துதான் தெரிந்தது.

மறுநாள் முதலாளி கேட்டார். "என்னடா, பொண்ணு பாத்தியா?"

"பாத்தனுங்க."

"எத்தனை மணிக்குப் போன?"

"போகலீங்க."

அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

டீ விலை பிறகு ஏறியது, இறங்கியது. ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் நாலைந்து மாறிவிட்டது. எங்கள் வீட்டு வழக்கம் மாறவில்லை. நான் செருப்பை மாட்டினால் சமையலறையிலிருந்து குரல் வரும்: "பெர்மிஷன் கேட்டாச்சுங்களா?" பிள்ளைகளும் கேட்பார்கள். இப்போது மருமகனும் கேட்கிறார். நானும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவேன். இத்தனை வருடத்தில் எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. கிடைத்ததை எண்ணி வைத்திருக்கிறேன்.

பதினொன்று.