அரிசியிடம் எடை சொன்னவர்கள்

எங்கள் ஏரியில் அரிசி தானாகவே விளைகிறது. இப்படி யாருடைய அனுமதியும் இல்லாமல் ஒன்று விளைவது அரசுக்கு அண்மையில்தான் தெரியவந்தது. ஆகவே பாரம்பரிய அறிவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து ஹால்வர்சன் என்ற அதிகாரி ஒலிப்பதிவுக் கருவியோடு என் வீட்டுக்கு வந்தார்.

என்னிடம் யாரும் எதையும் கேட்டு வருஷக்கணக்காகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கதிரைப் படகுக்குள் எப்படி வளைப்பது, எவ்வளவு மெதுவாகத் தட்டினால் பழுத்தது மட்டும் உதிரும், எந்த மூலை முதலில் பழுக்கும், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வந்தவரைக் கிண்டல் செய்யாமல் அனுப்பினால் அவரை நாம் வேற்றாளாக நினைக்கிறோம் என்று அர்த்தம். எங்கள் அனிஷினாபே பழங்குடியின் வழக்கம் அப்படி. அதனால் கடைசியாக, "படகுல ஏறும்போது இடது கால் ஷூவைக் கழட்டிட்டு, அரிசிகிட்ட நம்ம எடையைச் சொல்லணும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துப் போடுவது மரியாதையாக இருக்காதே!

அறுவடைக்கு இரண்டு நாள் முன்பு அரசாணை வந்தது. வளைப்பது, தட்டுவது, மூலை அறிவது ஆகிய மூன்றும் வணிக மதிப்புள்ளவை; எனவே ஒரு விதை நிறுவனத்துக்கு உரிமையாக்கப்படுகின்றன. ஷூவும் எடையும் வணிக மதிப்பற்றவை, எனவே புனிதமானவை. பழங்குடியினர் அவற்றைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

அலுவலகத்துக்கு ஓடினேன். "ஐயா, அது சும்மா கேலிக்குச் சொன்னது!"

"பதிவுல அப்படி இல்லையே," என்றார் ஹால்வர்சன். "பதிவுல இருக்கிறவர் மாபெரும் மரபறிஞர். அவர் சொன்னதை மறுக்க நீங்க யாரு?"

"நான்தாங்க அவரு!"

"அதுக்குச் சான்றிதழ் இருக்கா?"

"சரி, தட்டுறதுக்காவது அனுமதி கொடுங்க. ஒரு காத்து அடிச்சா எல்லாம் தண்ணிக்குள்ள போயிடும். குளிர்காலத்துக்கு ஊரே இதைத்தான் நம்பியிருக்கு."

"தாராளமா விண்ணப்பிங்க. நாப்பது வேலை நாள்ல பதில் வரும். அதுவரைக்கும் அரிசியைக் காத்திருக்கச் சொல்லுங்க. அதோட பேசத்தான் உங்களுக்குத் தெரியுமே."

மறுநாள் ஊரே ஒற்றை ஷூவோடு படகேறி, எடையைச் சொல்லி, ஒரு மணியைக்கூடத் தொடாமல் திரும்பியது. என் மச்சினி மார்லிஸ் தன் எடையை முணுமுணுத்தாள். கரையில் நின்ற அரசு ஆய்வாளர், "சத்தமா!" என்றார்.

இறங்கியதும் அவள் என்னிடம் வந்தாள். "பொய் சொல்லணும்னா முழுசாச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அத்தான்? நடுவுல உண்மையை எதுக்குக் கலந்தீங்க?"

நிறுவனத்தின் இயந்திரம் ஏரிக்குள் இறங்கி, பச்சைக் கதிரையும் சேர்த்து வழித்துக்கொண்டு போனது. அழுதேவிட்டேன்.

குளிர்காலத்தில் எங்கள் அரிசி பொட்டலமாகக் கடைக்கு வந்தது. எப்போது எடுத்தார்களோ, அட்டையில் என் முகம்! இனியும் பொறுப்பதற்கில்லை என்று அன்றே நிறுவனத்துக்குக் காட்டமாக ஒரு புகார் எழுதினேன். படத்தில் என் மூக்கு பெரிதாக விழுந்திருக்கிறது.

இந்த விஷயத்தில் மார்லிஸ் உட்பட ஊரே என் பக்கம் நின்றது.