மின்விசிறி தரப்பு

உலகத்தில் உண்மைக்குக் கிடைத்த பாதுகாப்புகளிலேயே தலைசிறந்தது அந்தக் கல்லூரி மாணவர் இதழின் 'செய்தி நடைக் கையேடு'தான். உண்மை அதைத் தாண்டி வெளியே வந்ததாகச் சரித்திரமே இல்லை.

இயற்றியவர் இதழியல் பேராசிரியர். வகுப்பிலும் ஆசிரியர், இதழிலும் ஆசிரியர். ஆக, அவரைத் திருத்த ஆளில்லை.

அவர் மேசைமுன் நின்ற மாணவிக்கு 'அவசரக்குடுக்கை' என்று இதழ் அறையில் பட்டம். முந்தின நாள் வகுப்பில் மின்விசிறி கழன்று விழுந்து, அவளுடைய விடுதித் தோழிக்குத் தோள்பட்டை முறிந்துவிட்டது. மற்ற அறைகளில் மீதி மின்விசிறிகள் இன்னமும் ஆடிக்கொண்டிருந்தன. செய்தி வந்தாலாவது கழற்றுவார்கள் என்று இரவோடிரவாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"'கல்லூரி முதல்வரின் அலட்சியத்தால்'னு எழுதியிருக்கியே, இது கருத்தும்மா."

"எல்லாருக்கும் தெரியும் சார்."

"எல்லாருக்கும் தெரிஞ்சா அது செய்தியே இல்ல. யாராவது வாய்திறந்து சொன்னா மேற்கோள் போடு. மேற்கோள்ல நானே ஒரு எழுத்தத் தொடமாட்டேன். புனிதம்! அப்புறம், ரெண்டு தரப்பும் கேக்கணும். மின்விசிறி தரப்பு எங்க?"

"சார், அது இரும்பு!"

"அப்ப 'மின்விசிறி கருத்துத் தெரிவிக்க மறுத்துவிட்டது'னு போடு. நடுநிலைன்னா அதான்."

சிவப்புப் பேனா செய்தியைச் செம்மைப்படுத்தியது: 'வகுப்பறையில் மின்விசிறி ஒன்று இறங்கியதாகக் கூறப்படுகிறது. அவ்வேளையில் மாணவி ஒருவரின் தோள்பட்டை அங்கே இருந்ததாகத் தெரிகிறது.'

"அவ வலியில துடிக்கிறா சார்!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உணர்ச்சிக்குக் கையேட்டுல இடமில்ல."

அப்போது பேராசிரியரின் தலைக்கு மேலே 'டக்' என்றது. அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி ஒருபக்கமாகச் சாய்ந்து தொங்கியது. அடுத்த நொடி அவர் மேசைக்கடியில் இருந்தார்.

"அடப்பாவி முதல்வா! எல்லா ஃபேனும் விழப்போகுதுன்னு உன்கிட்ட தலபாடா அடிச்சுக்கிட்டேனே! கேட்டியாய்யா நீ?"

அவசரக்குடுக்கை மடமடவென்று எழுதிக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தாள்.

"உங்க பேர் போட்டுக்கலாமா சார்?"

அன்று மாலை சிவப்புப் பேனா மேற்கோள் குறிவரை வந்து தயங்கி நின்றது. அதற்கு உள்ளே போக அவருக்கே அனுமதியில்லை.

"'அடப்பாவி'யையாவது எடுத்துடும்மா."

"புனிதம் சார்."

மறுநாள் முதல் பக்கத்தில் அவர் பேரோடு, எழுத்துப் பிசகாமல் வந்தது. கையேட்டின்படி கடைசி வரியில் நடுநிலையும் இருந்தது: 'முதல்வரும் மின்விசிறியும் கருத்துத் தெரிவிக்க மறுத்துவிட்டனர்.'