கழுதையின் ஜாதகம் சொன்ன கம்ப்யூட்டர்

புத்தூரில் சரஸ்வதி கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிட்டாள். நகரி முதல் கார்வேட்டிநகரம் வரை ஓடிய ஆட்டோக்களின் முதுகில் அப்படித்தான் ஒட்டியிருந்தது. வரிசை பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது. லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. சார்ஜருக்குக்கூட ஓர் எலுமிச்சம்பழம்.

பூசாரி சிட்டிபாபு, போன வருஷம் வரை செல்போன் ரிப்பேர் பார்த்தவர். பிள்ளை கட்டைவிரலை வைத்தால் 'ஏஐ சரஸ்வதி' பெண் குரலில் விதியைச் சொல்லும். ஆனால் முந்தின நாளே பெயரும் பள்ளியும் சொல்லி டோக்கன் வாங்க வேண்டும். எல்லாம் அறிந்தவளுக்கு ஒரு நாள் அவகாசம் தேவைப்பட்டது.

பத்தாம் வகுப்பு பிரித்திகா விரலை வைத்தாள்.

"திங்கட்கிழமை மதியம், காலி வகுப்பறையில், கணக்கு வரவில்லையென்று அழுதாய் மகளே. உனக்குப் படிப்பு இல்லை."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவள் அப்பா துலுக்காணம், வேர்க்கடலை விவசாயி, ஆடிப்போனார்.

"அழுதியா?"

"ஆமா நைனா."

"அப்போ ஸ்கூலு போதும். அடுத்த வாரம் சித்திகூட கம்பெனி வேலைக்குப் போ."

செய்தி சிவசங்கரிக்கு எட்டியது. பி.எட். மாணவி; பிரித்திகாவின் பள்ளியில் பயிற்சிக்கு வந்தவள்; மாதம் தவறாமல் காணிப்பாக்கம் போய்ப் பிள்ளையாரைக் கும்பிடுகிறவள். அவளுக்குச் சுருக்கென்றது. பிரித்திகா அழுதபோது கூட இருந்தவள் அவள் ஒருத்திதான். அன்றே அதைத் தன் வலைப்பூவில், பெயரோடு, உருகி உருகி எழுதியிருந்தாள். தினம் ஒரு வகுப்பறை அனுபவம் எழுதச் சொல்லியிருந்தது கல்லூரி.

அன்று மாலை வலைப்பூவில் புதிதாக எழுதினாள்: 'பிரித்திகா தன் வீட்டுக் கழுதைக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறாள். அறுபத்துநாலு வந்தால் கழுதை தடுமாறுகிறது.' பிறகு துலுக்காணத்திடம் போய், "இன்னொரு தபா கேட்டுப் பாருங்கண்ணா" என்று டோக்கன் வாங்க வைத்தாள்.

மறுநாள் லேப்டாப் பேசியது: "மகளே, உன் வீட்டுக் கழுதை பதினாறாம் வாய்ப்பாட்டில் அறுபத்துநாலு வந்தால் தடுமாறுகிறது. அதன் தோஷம்தான் உன்னைப் பிடித்திருக்கிறது."

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். துலுக்காணத்தின் கை மட்டும் பாதியில் நின்றது.

"சாமி, எங்க வூட்ல கழுதையே இல்லியே. ரெண்டு எருமைதான் கீது."

"அதுல ஒண்ணு போன ஜென்மத்துல கழுதையா இருந்திருக்கும்யா" என்றார் சிட்டிபாபு.

"இருக்கட்டும் சாமி. இந்த ஜென்மத்துல அது கணக்கு படிச்சிக்கினு கீதா?"

வரிசையில் நின்றிருந்த ஜெயம்மா என்பவள் கத்தினாள்: "யோவ், கழுதையே படிக்குது, நீ பொண்ணை நிறுத்துறியே!"

கூட வந்திருந்த சிவசங்கரி போனை நீட்டி, வலைப்பூவை உரக்கப் படித்தாள். "நேத்து சாயங்காலம் நான் எழுதுன பொய்யி இது. மிஷினைக் குத்தம் சொல்லல, பேரை வெச்சி நெட்ல தேடிக் குடுத்ததைப் படிக்குது. வகுப்புல நானும் ஏஐகிட்ட கேக்குறேன். அது சொல்றதைப் பிள்ளைங்க சரிபார்க்குதுங்க, கும்புடறதில்ல. சிட்டிபாபு அண்ணா, நான் எழுதாதது ஒண்ணு சொல்லச் சொல்லுங்க. காலைல இவ என்னா துன்னா?"

"கரண்ட் போயிடிச்சிம்மா" என்றார் சிட்டிபாபு. அவர் தலைக்கு மேல் மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு டோக்கன் காசைத் திருப்பிக் கேட்டது.

சிவசங்கரி பிரித்திகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் அழுகையை ஊருக்கே எழுதி வெச்சது என் தப்பு கண்ணு." அங்கேயே வலைப்பூவிலிருந்து அவள் பெயரை அழித்தாள்.

துலுக்காணம் தயங்கினார். "டீச்சரம்மா, இவளுக்குக் கணக்கு வருமா?"

"தெரியாதுங்கண்ணா. சொல்லிக்குடுத்துப் பாத்தாத்தான் தெரியும். நாளைக்கு அனுப்புங்க."

"அனுப்புறேம்மா."

அழுகிற பிள்ளையிடம் ஏன் அழுகிறாய் என்று கேட்கக் கடவுள் நமக்கு வாய் கொடுத்தார். கேட்ட பதிலை யோசிக்கத் தலையும் கொடுத்தார். இரண்டையும் பூட்டி வைத்துவிட்டு லேப்டாப்புக்கு மாலை போடும் பக்தர்களே, கொடுத்தவருக்குச் செய்யும் மரியாதை இதுதானா?